திருப்பி வைக்கிற ஆட்டம்

செஸ் சொல்லித்தருகிறேன் என்று யாராவது உங்கள் முன்னால் பலகையை விரித்தால், அவருக்கு ஆடத் தெரியுமா என்று பார்க்காதீர்கள். தோற்கத் தெரியுமா என்று பாருங்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். இப்போது திருவண்ணாமலையில் திரும்பிய பக்கமெல்லாம் செஸ் வகுப்புதான். எங்கள் தெருவிலேயே ஒரு மாடியில் நடக்கிறது, சாயங்காலமானால் படிக்கட்டு முழுக்கச் செருப்பு. ஃபோனைத் திறந்தால் புதிதாக ஆடுபவர்கள் ஜெயிக்க அந்த வழி, இந்த வழி என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

என் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்னும் தமிழ் நடத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில். அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரே ஒரு சிநேகிதர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். தேரடி பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்தார். ஆபீஸ் விட்டதும் இவர் நேராக அந்தக் கடைக்குப் போய், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாயோடு செஸ் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வரும்போதே முகத்தில் தெரியும், இன்றைக்கும் ஜெயித்துவிட்டு வருகிறார் என்று. பாய் ஒரு நாள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். அதே சமயத்தில் இவருக்கும் ஓய்வு வந்தது. கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். மோட்டாரை ஏன் போட்டாய், ஃபேனை ஏன் அணைக்கவில்லை, உப்பு ஜாடி ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் கூடத்து மேஜையில் பலகையை விரித்து, "வா, உனக்கு செஸ் சொல்லித்தரேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதுவரை எங்களுக்குள் பேச்சு என்றால் பால், கேஸ் சிலிண்டர், கரண்ட் எப்போது வரும் என்பதுதான். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் தப்பு தன்னுடையது என்று அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்த வீட்டுக்குப் படிக்கட்டு வைத்தபோது, பீரோ மாடிக்கு ஏறாதபடி குறுகலாக வைக்கச் சொன்னவர் அவர். இன்று வரை அது மேஸ்திரியின் தப்பு. வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அது பத்திரிகை அடித்தவன் தப்பு. நானும் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். செஸ் பலகையின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஓர் ஆசை வந்தது. இந்த ஆட்டத்தில் மேஸ்திரி கிடையாது, அச்சடிப்பவன் கிடையாது. இருப்பது நானும் அவரும்தான். ஒரே ஒரு நாள் அவர் வாயால் "தோத்துட்டேன்" என்று கேட்டுவிட வேண்டும். மரக்காய்களை வைத்துக்கொண்டாவது கேட்டுவிட வேண்டும்.

அவர் சொல்லித்தந்த விதம் இப்படி. எந்தக் காய் எப்படிப் போகும் என்பதை ஒரே காலையில் முடித்துவிட்டார். மறு வாரமே ஆட்டம். நான் ஒரு காயை வைத்ததும், "அங்க வெச்சா குதிரை போயிடும். திருப்பி வெச்சிக்க" என்பார். நான் திருப்பி வைத்துக்கொள்வேன். வேறெங்கே வைப்பது என்று யோசிப்பதற்குள் அவரே விரலால் கட்டத்தைக் காட்டுவார். அங்கே வைப்பேன். இப்படி என் ஆட்டத்தில் பாதியை அவரே ஆடுவார். கடைசியில் பார்த்தால் என் ராஜா மூலையில் சிக்கியிருக்கும். "நல்லாத்தான் ஆடின. கடைசியில கோட்டை விட்டுட்ட" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பெட்டியில் போடுவார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், எவ்வளவோ விட்டுக்கொடுத்து ஆடியும் அவளுக்கு வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் காபி கொண்டுவந்து வைப்பேன்.

அவரும் தன் காய்களைத் திருப்பி வைத்துக்கொள்வார். ஆனால் அதை அவர் சொல்ல மாட்டார். சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேர்படுத்துவது போல, "இது இங்கதான இருந்துச்சு" என்று பழைய கட்டத்தில் வைத்துவிடுவார். ஏதோ காற்றில் நகர்ந்துவிட்ட காய் என்கிற மாதிரி இருக்கும்.

இத்தனை வருடம் வகுப்பில் நின்றவள் நான். கேள்வியையும் கேட்டு பதிலையும் வாத்தியாரே சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது என்று புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வகுப்பில் பிரகாசமாகத் தலையாட்டும், பரீட்சையில் வெறும் தாளை நீட்டும். அதே கூத்து என் வீட்டுக் கூடத்தில் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. குதிரையைப் பறிகொடுத்தால் அந்த ஆட்டம் முழுக்கக் குதிரை இல்லாமல் அல்லாட வேண்டும். போன இடம் பல்லிழந்த ஈறு மாதிரி நாக்கில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை கை அந்தக் கட்டத்துக்குப் போகுமுன் தயங்கும். எனக்கு எதுவும் போகவே இல்லை. போன மாதிரி காட்டி உடனே கையில் திருப்பித் தரப்பட்டது. கடைசியில் ஆட்டம் மட்டும் போனது.

ஒரு நாள் எப்படியோ அவருடைய ராஜா என்னிடம் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் யானை. அதற்கு முன்பே இரண்டு தடவை செக் சொல்லித் துரத்தியிருந்தேன். இப்போது ராஜாவுக்கு நகர ஒரு கட்டம் இல்லை, குறுக்கே வைக்க ஒரு காய் இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேட் என்று நினைக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ராஜாவைத் தூக்கி, குதிரை தாவுவது போல ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் வைத்தார்.

"ஆட்டத்துக்கு ஒரு தரம் ராஜா குதிரை மாதிரி தாவலாம்" என்றார்.

"இத்தினி நாளா சொல்லலையே நீங்க."

"தேவைப்படலை. இப்ப தேவைப்பட்டுச்சு, சொல்றேன்."

அந்த ஆட்டத்தையும் அவரே ஜெயித்தார். மறுநாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் ஃபோனில் தேடினேன். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. நம் நாட்டில் அந்தக் காலத்தில் அப்படி ஆடியிருக்கிறார்கள். ஆனால் அதுவரை ராஜா ஒரு செக்கும் வாங்கியிருக்கக் கூடாது, வாங்கிவிட்டால் தாவல் கிடையாது. இப்போது யாரும் அப்படி ஆடுவதும் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. ராஜாவும் யானையும் ஒரே சமயத்தில் இடம் மாறி, ராஜா ஓரமாகப் பத்திரமாகப் போய் உட்கார்வதற்கு ஒரு வழி இருக்கிறது. கேஸ்லிங் என்கிறார்கள், தமிழில் கோட்டை கட்டுவது. முதல் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் வந்து இரண்டையும் சொன்னேன். அதெல்லாம் புத்தகத்து ஆட்டம், இது நம்ம ஊர் ஆட்டம் என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்குத்தான் இவரிடம் கற்றுக்கொண்டு இவரை ஜெயிக்க முடியாது என்பது உறைத்தது.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போகிற நேரம்தான் எனக்கு வகுப்பு. ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோடோ ஆடுவேன். அவர்கள் யாரும் திருப்பி வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. குதிரையை வெட்டினார்கள், மந்திரியை வெட்டினார்கள், நடு மைதானத்தில் நின்ற என் ராஜாவை மடக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். முதல் நாட்களில் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று விசாரித்தார். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அந்தத் தோல்விகள் சுத்தமானவை. எதனால் தோற்றேன் என்று காட்டிவிட்டுப் போயின. நான் செய்த பெரிய தப்பு, எதிரே ஆடுபவர் ஒரு காயை வைத்ததும் என் யோசனையை மட்டுமே தொடர்வது. அவர் ஏன் அதை அங்கே வைத்தார் என்று கேட்பதே இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் என் காயைப் பார்ப்பது என்று பழகினேன். சொல்லும்போது ஒன்றும் இல்லாத விஷயம் மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எப்போதாவது ஜெயிக்க ஆரம்பித்தேன். விரல் முந்திக்கொண்டு ஓடுவதால், முன் சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னுடைய ஒவ்வொரு காய்க்கும் பின்னால் துணை நிற்கிறதா என்று பார்த்து முடிக்கும் வரை கம்பியை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கண்டக்டர் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுவதாக நினைத்திருப்பார்.

ராணியை எடுத்த எடுப்பில் வெளியே அனுப்புவதையும் நிறுத்தினேன். அனுப்பினால் எதிராளி தன் குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவந்து அவளை விரட்டிக்கொண்டே தன் வேலையை முடித்துக்கொள்வான். அவளைக் காப்பாற்றுவதே நம் பிழைப்பாகிவிடும். குதிரை, மந்திரியெல்லாம் முதலில் எழுந்து வரட்டும், ராஜா ஓரமாகப் போய் உட்காரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் காலையில் தோற்ற ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அதைப்போல வெறுப்பான வேலை வேறு இல்லை. ஆனால் நாம் விதவிதமாகத் தப்பு செய்வதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே தப்பைத்தான் புடவை மாற்றி மாற்றி உடுத்துகிறோம். நான் எதிரே நடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன், தூரத்து மூலையிலிருந்து சாய்வாக வருகிற மந்திரியை மறந்துவிடுவேன். எத்தனை குதிரைகளை அப்படி விட்டேனோ தெரியாது. கடைசியில் காய்கள் குறைந்துபோன பிறகு ராஜாவே எழுந்து நடந்து சிப்பாயை அக்கரை சேர்க்க வேண்டும் என்பதையும், ஒரு காய் கூடுதலாகக் கையில் இருக்கும்போது வீராப்பு காட்டாமல் ஒன்றுக்கு ஒன்று வெட்டிக்கொண்டு பலகையைக் காலி செய்வதுதான் புத்தி என்பதையும் அந்த பஸ்ஸில்தான் கற்றேன்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் தொட்ட காயை நகர்த்த வேண்டும், வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது, ராஜா தாவக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உனக்குத்தான் கஷ்டம். ஜாஸ்தி நேரம் தாங்க மாட்ட" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டார் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் நிறைய தோற்றேன். ஆனால் இப்போது தோற்றது நான். என் குதிரை வெட்டுப்பட்டதும் பழக்கதோஷத்தில் அவர் அதைத் திருப்பி நீட்டுவார், வேண்டாம் என்பேன். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. போகப் போக அவருக்கு யோசிக்க அதிக நேரம் எடுத்தது. காபி ஆடை கட்டும் வரை தொட மாட்டார். வருகிறவர்களிடம் என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது நின்றுபோனது. எனக்கும் ஒன்று புரிபட ஆரம்பித்தது. அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆடினார். ராணியை உடனே வெளியே அனுப்புவார், ராஜாவை நடுவிலேயே நிறுத்துவார், முன்னால் பார்ப்பார், ஓரத்தைப் பார்க்க மாட்டார். இத்தனை காலம் தினமும் ஆடி ஜெயித்தவர் எப்படி இப்படி ஆடுகிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. செங்கம் ரோட்டில் காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம், எங்கள் தெரு முழுக்க வெளியூர் வண்டி. எவனோ எங்கள் கேட்டை மறித்து பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அவர் அதே எரிச்சலோடு வந்து உட்கார்ந்தார். ஆட்டம் பாதியில் இருந்தது. என் மந்திரி ஒரு மூலையில் நின்று, சாய்வாக அவர் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவே அவருடைய குதிரை மட்டும் மறைத்து நின்றது. அந்த மந்திரியை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு நான் வேறு பக்கம் சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவருக்கு என் யானையின் மேல் ஆசை வந்தது. குதிரையைத் தூக்கி, யானையை மிரட்டுகிற கட்டத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

நான் மந்திரியை நீட்டி ராணியை எடுத்துக்கொண்டேன்.

"இரு, இரு. பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே குதிரையைப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு ராணிக்காக என்னிடம் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"குதிரைய எடுத்து வெச்சிட்டீங்க. வெச்சது வெச்சதுதான்" என்றேன்.

"உனக்கு நான் எத்தினி தரம் திருப்பிக் குடுத்திருக்கேன்."

"நான் கேட்டனா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் அதைவிடத் திகைப்புதான் அதிகம். நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அந்த பைக்கை எடுக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். நான் ராணியைக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. வந்ததும் சொல்லித்தானே ஆக வேண்டும், வேறு வழியில்லையே என்று நினைத்தேன். கேட்டுக்கு முன்னால் பைக் இல்லை என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். பலகை பக்கம் திரும்பவே இல்லை.

நானும் விடவில்லை. பலகையை அப்படியே மேஜையில் விட்டேன். குதிரையை மட்டும் அவர் கடைசியாக வைத்த கட்டத்துக்கே நகர்த்தி வைத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எடுத்து வைக்கட்டும் என்று இருந்தேன். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். செய்தித்தாளைக்கூடக் கட்டிலில் வைத்துப் படித்தார். சில நாள் கழித்து நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது, பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது. தூசியாக இருந்தது என்றார். முடியாத ஆட்டத்தில் யாரும் தோற்பதில்லை, அது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரமே தன் தங்கையோடு ஃபோனில் பேசும்போது, நான் ஆட்டத்தில் ஏமாற்றுகிறேன் என்று சொன்னது அடுப்படி வரை கேட்டது. தாளித்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். கடுகு கருகியது. இவ்வளவு சின்ன மனுஷனோடா இத்தனை காலம் குடித்தனம் நடத்தினோம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பாய் சென்னையிலிருந்து வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். உட்கார்ந்ததுமே பலகை எங்கே என்று கேட்டார். இவர் கண் வலிக்கிறது, அதெல்லாம் விட்டாயிற்று என்றார். பாய் என் பக்கம் திரும்பி, தங்கச்சி கத்துக்கிட்டதாகக் கேள்விப்பட்டேன், நாம் ஒரு ஆட்டம் போடலாமா என்றார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். இவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பாய் ஆடிய விதம் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவசரமே கிடையாது. காய்கள் ஒன்றுக்கொன்று துணையாக எழுந்து வந்தன. ராஜா சத்தமில்லாமல் கோட்டைக்குள் போய்விட்டது. பஸ்ஸில் கற்ற அத்தனையும் எனக்குத் தேவைப்பட்டது. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆடினேன். கடைசியில் இரண்டு பக்கமும் ராஜாவும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். என் ராஜா ஒரு கட்டம் முன்னால் நின்றதால் என் சிப்பாய் ஒன்று அக்கரை சேரப்போவது தெரிந்தது. பாய் அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டார். தன் ராஜாவைப் படுக்க வைத்தார்.

"தோத்துட்டேம்மா. நல்லா ஆடறீங்க" என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். எந்த வார்த்தைக்காக நான் அத்தனை நாள் பஸ்ஸில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேனோ அந்த வார்த்தை, வேறொருவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. எனக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்று இவர் குரல் வந்தது.

பாய் கிளம்பும்போது இவர் ஆட்டோ பிடிக்க முன்னால் போனார். நான் கேட் வரைக்கும் போனேன். இவ்வளவு நன்றாக ஆடுகிறவர் அவரிடம் மட்டும் எப்படி தினமும் தோற்றீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

பாய் தெருக்கோடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "திருப்பி வெச்சிக்காம அவன் என்னைக்கு ஆடினான்? நான் விட்டுடுவேன். அந்த நேரத்துல கடைக்கு வந்து உக்கார எனக்கு வேற யாரு இருந்தா, சொல்லுங்க" என்றார். பிறகு, "நீங்க விடலையா?" என்று கேட்டார்.

விடவில்லை என்றேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அதுவும் சரிதான் என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

எனக்குப் பாயின் மேலும் ஆத்திரம் வந்தது. அவர் விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் இந்த மனிதர் ஆயுசு முழுக்க முதல் பாடத்திலேயே நின்றுவிட்டார். தன் தப்பு எது என்று அவருக்குக் காட்ட ஒருவரும் இல்லை. கடையில் பாய் விட்டார், வீட்டில் நான் விட்டேன். மேஸ்திரி தப்பு என்றபோது நான் சும்மா இருந்தேன், பத்திரிகைக்காரன் தப்பு என்றபோதும் சும்மா இருந்தேன். ஒரே ஒரு நாள் விடவில்லை. பாய்க்கு அத்தனை வருடமும் ஒரு கூட்டாளி இருந்தார். எனக்கு அந்த ராணி மட்டும்தான் கிடைத்தது. இதில் யார் நன்றாக ஆடியது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன். பதில் எப்படி வந்தாலும் கசக்கிறது.

இப்போதும் ஆடுகிறேன். முகம் தெரியாதவர்கள் தோற்கும் நிலை வந்தால் ஒரு சின்னக் கொடியை அழுத்தித் தோல்வியை ஒப்புக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு நாளில் பல கொடிகள் கிடைக்கின்றன. வீட்டில் எதிரே உட்கார ஆள் இல்லை. அவரும் ஆடுகிறார், ஃபோனில், இயந்திரத்தோடு, இருப்பதிலேயே சுலபமான படியில். அந்த விளையாட்டில் கீழே வளைந்த அம்பு ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் வைத்த காய் பழைய இடத்துக்குப் போய்விடும். எத்தனை தடவை அழுத்தினாலும் அது முகம் சுளிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காபி கொண்டுபோய் வைக்கும்போது திரையைப் பார்த்தேன். அதே சாய்வு. மூலையில் ஒரு மந்திரி, எதிரே இவர் ராணி, நடுவே குதிரை. இவர் விரல் குதிரையின் மேல் இருந்தது. நான் பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் குதிரைய எடுக்காதீங்க. ராணி போயிடும்" என்றேன்.

"தெரியும்" என்றார், தலையைத் தூக்காமல். அதற்குள் ராணி போயிருந்தது, அவர் விரல் அம்பின் மேல் இருந்தது.